வண்டி ஓடினால் மட்டும் போதுமா? பிரேக் பேட் பார்த்து வாங்குவோம்



சேமிப்பு, கடன், சத்துணவு, பெண் கல்வி என்று பல பாடங்களை நாம் படித்து வருகிறோம். இந்த மாதப் பாடம் வண்டி பிரேக்கைப் பற்றியது. "இது என்னங்க, மெக்கானிக்குச் சொல்ல வேண்டியதை எங்களுக்குச் சொல்றீங்க?" என்று சிலர் கேட்கலாம். முழுவதும் படித்துவிட்டு, அது யாருடைய விஷயம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

1. இது நம்ம விஷயம்தானா?

மூலக்குளம் வழியாகப் போகும் வில்லியனூர் ரோட்டில் காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். விழுப்புரம் பஸ், கம்பெனி பஸ், கல் லாரி, பால் வண்டி, ஸ்கூல் ஆட்டோ, வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளின் ஸ்கூட்டர் எல்லாம் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு போகும். நடுவில் ரோட்டைக் கடக்கும் பாட்டியும் உண்டு, மாடும் உண்டு. இந்த நெரிசலில் நம்மைக் காப்பாற்றுவது டிரைவரின் கண்ணும், வண்டியின் பிரேக்கும்தான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இன்று பல குழுக்களில் கடன் வாங்கி லோடு ஆட்டோ, ஷேர் ஆட்டோ, மினி லாரி எடுத்திருக்கிறோம். பல இடங்களில் ஆர்.சி. புக் நம் பெயரில் இருக்கிறது. ஓட்டுவது கணவராகவோ, மகனாகவோ, சம்பளத்துக்கு வைத்த டிரைவராகவோ இருக்கலாம். ஆனால் விபத்து என்று வந்து, பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால், டிரைவரோடு சேர்த்து வண்டியின் உரிமையாளர் பெயரிலும் நோட்டீஸ் வரும். எப்.சி. என்கிற தகுதிச் சான்று காலாவதியாகி இருந்தாலோ, டிரைவருக்குச் சரியான லைசென்ஸ் இல்லாவிட்டாலோ, இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டு அதை உரிமையாளரிடம் திரும்ப வசூல் செய்ய வழி இருக்கிறது. அதாவது நம்மிடம்! வாடகை வண்டிகளுக்கு முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், அதன் பிறகு வருஷா வருஷமும் எப்.சி. எடுக்க வேண்டும். ஆனால் எப்.சி. எடுத்த அன்றைக்கு மட்டும் பிரேக் நன்றாக இருந்தால் போதாது. மீதி நாட்களிலும் அதே ரோட்டில்தானே வண்டி ஓடுகிறது?

ஆகவே கையெழுத்துப் போட்டவர்கள் நாம். வண்டியின் பிரேக்கைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையும் பொறுப்பும் நமக்கு உண்டு.

2. பிரேக் எப்படி வேலை செய்கிறது?

சைக்கிள் எல்லோருக்கும் தெரியும். பிரேக்கைப் பிடித்தால் இரண்டு ரப்பர் கட்டைகள் சக்கரத்தின் விளிம்பை அழுத்திப் பிடிக்கின்றன. கட்டை தேய்ந்துபோனால் பிரேக் பிடிக்காது. பெரிய வண்டிகளிலும் இதே கதைதான். கட்டைக்குப் பெயர் மட்டும் வேறு.

டிஸ்க் பிரேக்: சக்கரத்தோடு சேர்ந்து ஒரு இரும்புத் தட்டு சுற்றும். அதன் இரண்டு பக்கமும் இரண்டு பட்டைகள் இருக்கும். பிரேக்கை மிதித்தால் அவை தட்டை நடுவில் வைத்து அழுத்தும். இந்தப் பட்டைக்குத்தான் பிரேக் பேட் என்று பெயர். கார்களின் முன் சக்கரம், டாடா ஏஸ் போன்ற சின்ன லோடு வண்டிகளின் முன் சக்கரம், நிறைய மோட்டார் சைக்கிள்களின் முன் சக்கரம் ஆகியவற்றில் இந்த வகை இருக்கிறது.

டிரம் பிரேக்: சக்கரத்தின் நடுவில் மூடிய சட்டி போல ஒரு டிரம் இருக்கும். அதற்குள்ளே பிறை வடிவில் இரண்டு கட்டைகள் விரிந்து சட்டியின் உள்பக்கத்தை அழுத்தும். இதற்கு பிரேக் ஷூ என்றும், அதன் மேல் ஒட்டியிருக்கும் பட்டைக்கு லைனிங் என்றும் பெயர். பெரும்பாலான பயணிகள் ஆட்டோக்களிலும், பல ஸ்கூட்டர்களிலும், கார்களின் பின் சக்கரத்திலும் இந்த வகைதான்.

இரண்டு கையையும் வேகமாகத் தேய்த்துப் பாருங்கள், சூடு வருகிறதல்லவா? அதே மாதிரி வண்டியின் வேகம் முழுவதும் பிரேக்கில் சூடாக மாறுகிறது. கனமான லோடோடு அடிக்கடி பிரேக் பிடித்தால் அந்தத் தட்டு தோசைக் கல்லை விட அதிகமாகக் காயும். நல்ல பேட் அந்தச் சூட்டிலும் பிடிக்கும். தரமில்லாத பேட் சூடு ஏறியதும் வழுக்க ஆரம்பிக்கும். கடையில் கையில் வைத்துப் பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசம் ரோட்டில்தான் தெரியும்.

எவ்வளவு வித்தியாசம்? ஒரு கணக்குப் போடுவோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் சுமார் 11 மீட்டர் ஓடிவிடும். குழந்தை குறுக்கே ஓடுவதைப் பார்த்து, டிரைவர் காலை பிரேக்கில் வைக்க ஒரு வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 11 மீட்டர் போயே போச்சு. அதன் பிறகு, காய்ந்த தார் ரோட்டில் நல்ல பிரேக் இருந்தால் சுமார் 9 மீட்டரில் வண்டி நிற்கும். பிரேக்கின் பிடிமானம் பாதியாகக் குறைந்திருந்தால் சுமார் 18 மீட்டர் ஆகும். அந்த அதிகப்படி 9 மீட்டர் என்பது மூன்று ஆட்டோவை வரிசையாக நிறுத்தும் நீளம். குழந்தை நிற்பது அந்த 9 மீட்டருக்குள் என்றால்?

3. பிரேக் பட்டைக்கு வழி காட்டிய ஒரு பெண்

பிரேக், கார் என்றாலே ஆம்பளைங்க சமாச்சாரம் என்று நினைக்கிறோம். ஆனால் பிரேக் மேல் பட்டை ஒட்டும் யோசனையை முதலில் சொன்னவர்களில் ஒருவர் ஒரு பெண். அவர் பெயர் பெர்த்தா பென்ஸ். ஜெர்மனி நாட்டைச் சேர்ந்தவர். அவருடைய கணவர் கார்ல் பென்ஸ் மோட்டார் வண்டி செய்தபோது, தன் சீதனப் பணத்தைத் தொழிலில் போட்டு உதவியவர். வண்டி தயாரான பிறகும் அதை வாங்க ஆள் வரவில்லை. 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைம் என்ற ஊரிலிருந்து ஃபோர்ட்ஸைம் என்ற ஊரிலுள்ள தாய் வீட்டுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியில் போனார்.

வழியில் மேடும் பள்ளமும் அதிகம். இறக்கத்தில் பிரேக் கட்டைகள் தேய்ந்து பிடிக்காமல் போயின. பெர்த்தா அம்மா என்ன செய்தார்? ஒரு செருப்புத் தைப்பவரிடம் போய், கட்டைகளின் மேல் தோல் வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். பிரேக் பிடித்தது! இன்று நாம் மாற்றும் பேட், லைனிங் எல்லாவற்றுக்கும் அந்தத் தோல்துண்டை முன்னோடி என்று சொல்கிறார்கள். பணம் போட்டதும் அவர், ஓட்டிக் காட்டியதும் அவர், பழுது பார்த்ததும் அவர். குழுக் கடனில் வண்டி எடுத்திருக்கும் நமக்கு இதை விட நல்ல உதாரணம் வேண்டுமா?

4. எப்போது மாற்ற வேண்டும்?

"இத்தனை கிலோமீட்டர் ஓடினால் மாத்தணும்" என்று ஒரே எண் சொல்ல முடியாது. லோடு வண்டி சீக்கிரம் தேயும், டவுனுக்குள் ஓடும் ஆட்டோ சீக்கிரம் தேயும், நெடுந்தூரம் நிதானமாக ஓடும் கார் மெதுவாகத் தேயும். ஆகவே அடையாளங்களைத் தெரிந்துகொள்வோம்.

• பிரேக் பிடிக்கும்போது கீச்சென்று மெல்லிய சத்தம். பல கார் பேட்களில் ஒரு சின்ன இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்ததும் அது தட்டில் உரசிக் கத்தும். அது முதல் எச்சரிக்கை.

• கர் கர் என்று இரும்போடு இரும்பு உரசும் சத்தம். பேட் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இனி ஒரு நாள் கூட ஓட்டக் கூடாது. பேட்டோடு போக வேண்டிய செலவு, இனி டிஸ்க் தட்டையும் சேர்த்து இழுக்கும்.

• பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுப்பது.

• பெடல் முன்பை விட ஆழமாகப் போவது, பஞ்சு மாதிரி அமுங்குவது. இதற்குக் காரணம் பேட்டாக இல்லாமல், ஆயில் கசிவாகவோ, குழாயில் காற்று புகுந்ததாகவோ இருக்கலாம். உடனே காட்ட வேண்டும்.

• பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்துகொண்டே வருவது. பேட் தேயத் தேய ஆயில் கீழே இறங்கும். "ஆயில் குறைஞ்சிருக்கு, ஊத்திட்டேன்" என்று சொன்னால், "ஏன் குறைஞ்சது, பேட் பாத்தீங்களா?" என்று கேட்க வேண்டும்.

புது கார் பேட்டில் தேயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அது 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடுவது நல்லது. 3 மில்லிமீட்டர் என்றால், இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை ஒன்றின் மேல் ஒன்று வைத்த கனம் அளவுக்குப் பக்கம். மோட்டார் சைக்கிள் பேட் ஆரம்பத்திலேயே மெல்லியதாக இருக்கும். அதில் ஒரு கோடு அல்லது பள்ளம் இருக்கும், அது மறையும்போது மாற்ற வேண்டும்.

5. எத்தனை வகை இருக்கிறது?

கடையில் பல பெயர் சொல்வார்கள். பயப்பட வேண்டாம், வகை கொஞ்சம்தான்.

ஆர்கானிக்: நார், ரப்பர், பிசின் போன்றவற்றைக் கலந்து செய்வது. சத்தம் குறைவு, தட்டை அதிகம் தேய்க்காது, விலையும் குறைவு. சாதாரண ஓட்டத்துக்குப் போதும். ஆனால் அதிக லோடுக்கும் தொடர்ந்த சூட்டுக்கும் சீக்கிரம் தேயும்.

செமி மெட்டாலிக்: இரும்புத் தூள், இரும்பு நார் கலந்தது. சூடு தாங்கும், பாரம் ஏற்றும் வண்டிக்கு நல்லது. கொஞ்சம் சத்தம் வரும், தட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்க்கும்.

செராமிக்: விலை அதிகம், தூசியும் சத்தமும் குறைவு. பெரும்பாலும் கார்களுக்கு வருகிறது.

சின்டர்டு: உலோகத் தூளைச் சூட்டில் அழுத்திச் செய்வது. பெரிய மோட்டார் சைக்கிள்களில் இருக்கும்.

"எது நல்லது?" என்று கேட்டால் பதில் ஒன்றுதான். வண்டி கம்பெனி எந்த வகையைப் போட்டு அனுப்பியதோ, அந்த வகையே நல்லது. விலை கூடினது எல்லாம் நம் வண்டிக்குப் பொருத்தம் என்று அர்த்தமில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது போலத்தான், பொருத்தம்தான் முக்கியம்.

6. கடையில் எப்படிக் கேட்பது?

நம் பக்கத்தில் நூறடி ரோடு, வில்லியனூர் ரோடு என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கின்றன. மெக்கானிக்கையே வாங்கி வரச் சொல்லாமல், ஒரு முறை நாமே போய்க் கேட்டுப் பழகுவோம். பேச்சு இப்படிப் போகலாம்:

உறுப்பினர்: அண்ணே, டாடா ஏஸுக்கு முன்பக்க பிரேக் பேட் வேணும்.

கடைக்காரர்: எந்த வருஷ மாடல்மா?

உறுப்பினர்: இதோ ஆர்.சி. காப்பி கொண்டாந்திருக்கேன். பழைய பேட்டும் பையில இருக்கு, பாத்துக்குங்க.

கடைக்காரர்: ரெண்டு ரகம் இருக்கு. ஒண்ணு கம்பெனி அயிட்டம். இன்னொண்ணு விலை பாதிதான், எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க.

உறுப்பினர்: அந்தப் பாதி விலை டப்பாவைக் கொஞ்சம் காட்டுங்கண்ணே. யாரு தயாரிச்சதுன்னு பேரும் விலாசமும் எங்க இருக்கு?

கடைக்காரர்: அதுல அதெல்லாம் போட மாட்டாங்கம்மா.

உறுப்பினர்: அப்ப வேணாம்ணே. கம்பெனி அயிட்டமே குடுங்க. பில்லும் போட்டுடுங்க.

அவ்வளவுதான். சண்டை போட வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம். என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். டப்பாவில் பார்க்க வேண்டியவை இவை:

• தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், விலாசம், தயாரித்த மாதம் வருஷம், அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு. பாக்கெட் பொருளில் இவை இருக்க வேண்டும் என்பது சட்டம்.

• பார்ட் நம்பர். டப்பாவில் இருப்பதும் பேட்டின் முதுகில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். நம் வண்டிக்கு உரியதுதானா என்று பழைய பேட்டோடு வடிவம் பார்க்க வேண்டும்.

• பேட்டின் முதுகில் அல்லது ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்து அச்சடித்திருக்கும். 'இ இ', 'எஃப் எஃப்' என்பது போல வரும். முதல் எழுத்து சூடில்லாதபோது எவ்வளவு பிடிக்கும் என்பதையும், இரண்டாவது எழுத்து சூட்டில் எவ்வளவு பிடிக்கும் என்பதையும் சொல்கிறது. 'இ' என்பதை விட 'எஃப்' பிடிமானம் கூடுதல். நாம் வாங்கும் பேட்டின் எழுத்து பழைய கம்பெனி பேட்டின் எழுத்தோடு ஒத்திருந்தால் நல்லது. அது தரத்துக்கான சான்றிதழ் அல்ல, எவ்வளவு தேயும் என்று அது சொல்லாது.

• வட்டத்துக்குள் 'இ' என்ற ஆங்கில எழுத்தும், பக்கத்தில் 90 ஆர் என்பது போன்ற குறியும் இருந்தால், ஐரோப்பிய விதிப்படி பரிசோதித்தது என்று பொருள். நம் நாட்டில் பிரேக் லைனிங்குக்கு ஐ.எஸ். 2742 என்ற தரக் குறிப்பு இருக்கிறது.

• பேட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பட்டை இரும்புத் தகட்டோடு முழுவதும் ஒட்டியிருக்க வேண்டும். ஓரத்தில் இடைவெளி, வெடிப்பு, உதிர்வு, எண்ணெய்க் கறை இருந்தால் வாங்கக் கூடாது. எழுத்துப் பிழை, மங்கலான அச்சு, கிழிந்து ஒட்டின டப்பா என்றால் போலி என்று சந்தேகப்படுங்கள்.

நல்ல பொருளுக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பிரேக் பொருள் தயாரிப்பில் நம் பக்கம் பேர் பெற்றது. சென்னை பாடியில் 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, 1974-ல் தொடங்கிய சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் போன்ற கம்பெனிகள் உண்டு. ராணே குழுமத்துக்கு நம் புதுச்சேரியிலேயே பிரேக் லைனிங் ஆலை இருக்கிறது. இன்ன கம்பெனி பொருளைத்தான் வாங்க வேண்டும் என்பதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. பேர், ஊர் தெரிந்த பொருள் பக்கத்திலேயே கிடைக்கும்போது, பேரே இல்லாத பொருளை ஏன் வாங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம். நல்ல கம்பெனி பேரிலேயே போலியும் வரும், ஆகவே தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள்.

7. மலிவு உண்மையில் மலிவா?

குழுக் கூட்டத்தில் கணக்கு எழுதுவது போல இதையும் எழுதிப் பார்ப்போம். விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் வண்டிக்குக் கடையில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மலிவு பேட் 500 ரூபாய், 10,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல பேட் 1,100 ரூபாய், 30,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். மாட்டும் கூலி ஒவ்வொரு முறையும் 300 ரூபாய்.

30,000 கிலோமீட்டருக்கு மலிவு பேட் மூன்று முறை மாற்ற வேண்டும். 800 ரூபாய் வீதம் 2,400 ரூபாய். நல்ல பேட் ஒரே முறை, 1,400 ரூபாய். ஆக 600 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 1,000 ரூபாய் நஷ்டம். வண்டி கூடுதலாக இரண்டு நாள் ஒர்க் ஷாப்பில் நின்றதால் போன வாடகையை இதில் சேர்க்கவில்லை. தட்டு தேய்ந்த செலவையும் சேர்க்கவில்லை.

8. அந்தக் கருப்புத் தூசி

இந்தப் பகுதியை மெக்கானிக் வேலை பார்ப்பவர்களின் மனைவியும் அம்மாவும் கட்டாயம் படிக்க வேண்டும்.

பேட்டும் லைனிங்கும் தேயும்போது தூசியாகின்றன. பழைய காலத்தில் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நார் சேர்ப்பது வழக்கம், ஏனென்றால் அது சூடு தாங்கும், விலையும் குறைவு. ஆனால் அதன் நுண்ணிய நார் மூச்சில் போனால் நுரையீரலில் குத்தி நின்றுவிடும். மூச்சுத் திணறல், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய் ஆகியவை வரலாம். இன்று சுவாசித்தது 20, 30 வருஷம் கழித்து நோயாக வரும் என்பதுதான் கொடுமை. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2005 முதல் இதற்குத் தடை. நம் நாட்டில் முழுத் தடை இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலம் காக்கப்பட வேண்டும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பெரிய கம்பெனிகள் இப்போது ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத பேட்களைச் செய்து, டப்பாவிலேயே அப்படி அச்சிடுகின்றன. பேர் இல்லாத மலிவு லைனிங்கில் என்ன கலந்திருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்?

இதில் நமக்கு என்ன? 1965-ல் லண்டனில் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆஸ்பெஸ்டாஸ் வேலைக்கே போகாத வீட்டுப் பெண்களுக்கும் இந்தப் புற்றுநோய் வந்ததைக் காட்டியது. வேலைக்குப் போனவரின் துணியில் ஒட்டி வந்த தூசியால் வந்தது அது. துணியை உதறியதும் துவைத்ததும் யார்? நாம்தான். ஆகவே,

• பிரேக் வேலை செய்த துணியை வீட்டுக்குள் உதறக் கூடாது. தனியாக வைத்து, தண்ணீரில் நனைத்த பிறகு துவைக்க வேண்டும். பிள்ளைகள் துணியோடு சேர்க்கக் கூடாது.

• முடிந்தால் வேலை உடையை ஒர்க் ஷாப்பிலேயே மாற்றி, கை, முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வந்ததும் குழந்தையைத் தூக்கும் பழக்கம் இருக்கும்போது இது இன்னும் முக்கியம்.

• டிரம்மைக் கழற்றி வாயால் ஊதுவதும், காற்றுப் பைப் வைத்து அடிப்பதும் கூடவே கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும். லைனிங்கைக் காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது.

• நீண்ட நாள் இருமல், மூச்சு இரைப்பு இருந்தால் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் இருக்கிறது. டாக்டரிடம் "இத்தனை வருஷமா பிரேக் வேலை பாக்கறார்" என்று நாமே சொல்ல வேண்டும். அவர்கள் சொல்ல மறந்துவிடுவார்கள்.

தூசி மனிதர்களோடு நிற்பதில்லை, மழையில் கரைந்து ஏரி குளத்துக்கும் போகும். பேட்டில் சேர்க்கும் செம்பு மீன்களைப் பாதிக்கிறது என்பதால், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2010-ல் சட்டம் போட்டுச் செம்பின் அளவைப் படிப்படியாகக் குறைத்தது. ஊசுட்டேரி பக்கத்தில் வாழும் நாமும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

9. மாட்டும்போதும் மாட்டிய பிறகும்

• ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. முன்பக்கம் என்றால் இடது, வலது இரண்டையும் ஒரே கம்பெனி பேட்டாக மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

• டிஸ்க் தட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்தபட்ச கனம் எவ்வளவு என்று தட்டிலேயே பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் தட்டையும் மாற்ற வேண்டும்.

• நம் ஊர் கடற்கரை ஊர். உப்புக் காற்றில் காலிபர் ஊசிகள் துருப்பிடித்து இறுகிவிடும். அவற்றைச் சுத்தம் செய்து, அதற்கு உரிய கிரீஸை மட்டும் வைக்க வேண்டும். பேட்டின் முகத்திலும் தட்டிலும் கிரீஸோ எண்ணெயோ படக் கூடாது.

• பிரேக் ஆயில் டப்பா மூடியில் எந்த வகை என்று எழுதியிருக்கும். டாட் 3, டாட் 4 என்று வரும். அதையே ஊற்ற வேண்டும். என்ஜின் ஆயிலை ஊற்றினால் உள்ளே ரப்பர் உப்பி பிரேக்கே போய்விடும். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

• மாட்டி முடித்ததும் வண்டியை எடுக்கும் முன் பெடலைப் பல முறை மிதித்து, கெட்டியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் மிதிக்குப் பெடல் தரை வரை போகும். இதை மறந்துவிட்டு ரோட்டுக்கு வந்தால் ஆபத்து.

• முதல் 200, 300 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, நிதானமாக பிரேக் பிடித்துப் பழக்க வேண்டும். அவசரம் இல்லாமல் திடீர் பிரேக் வேண்டாம். அந்த நாட்களில் முழு லோடோடு அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தில் வேகமாக இறங்க வேண்டாம்.

• ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீரைக் கடந்த பிறகு, பின்னால் வண்டி வராதபோது மெதுவாக இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்து ஈரத்தைக் காய வைக்க வேண்டும். டிரம் பிரேக் உள்ள ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் இது ரொம்ப முக்கியம்.

2019 ஏப்ரல் முதல் விற்கும் புது இருசக்கர வண்டிகளில் 125 சி.சி. வரை இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ். அல்லது ஏ.பி.எஸ்., அதற்கு மேல் ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது. "அதான் ஏ.பி.எஸ். இருக்கே" என்று தேய்ந்த பேட்டோடு ஓட்டக் கூடாது. பேட் இல்லாமல் எந்த எஸ்ஸும் வண்டியை நிறுத்தாது!

10. பில் கேட்பது நம் உரிமை

"பில் வேணாம்னா வரி குறையும்மா" என்று கடையில் சொல்வார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. அந்தப் பணத்தைப் பார்த்து பில்லை விட்டால், பேட் உடைந்தாலும் கேட்க முடியாது, போலி என்று தெரிந்தாலும் நிரூபிக்க முடியாது. பில்லில் பொருளின் பேர், பார்ட் நம்பர், தேதி எழுதியிருக்க வேண்டும். அந்த பில்லையும், டப்பாவையும், கழற்றின பழைய பேட்டையும் பத்திரமாக வையுங்கள்.

பொருள் மோசம் என்றால் முதலில் கடையில் கேளுங்கள். கேட்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். அதிலும் தீராவிட்டால் புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம். பிரச்சனை வந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் யார் யார் வீட்டில் வண்டி இருக்கிறது? ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது? எப்.சி., இன்சூரன்ஸ் தேதி என்ன?

2. ஒவ்வொரு வண்டிக்கும் கடைசியாக பிரேக் பேட் அல்லது ஷூ மாற்றிய தேதி, கிலோமீட்டர், செலவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்கலாமா?

3. வண்டிக் கடன் கொடுக்கும்போதே, பிரேக், டயர் செலவுக்கு மாதாமாதம் ஒரு சின்ன தொகையைத் தனியாகச் சேமிக்கத் தீர்மானம் போடலாமா?

4. நம் பிள்ளைகள் போகும் ஸ்கூல் ஆட்டோவின் பிரேக்கை எப்போது பார்த்தார்கள் என்று, பெற்றோர்களாகச் சேர்ந்து கேட்கலாமா?

நான்காவது கேள்வியை இந்த வாரமே கேட்டுப் பாருங்கள். டிரைவர் அண்ணன் கோபப்பட்டால், "எங்க பிள்ளைக்காக மட்டும் இல்லண்ணே, உங்களுக்காகவும்தான்" என்று சொல்லுங்கள். கிடைத்த பதிலை அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் எழுதுங்கள். மற்ற குழுக்களோடும் அதைப் பகிர்ந்துகொள்வோம்.